ஜிஸ்ட் கட்டிக்கான மரபணுப் பரிசோதனை: ஒரு பரிசோதனைக்கூடச் சேவையின் மதிப்புரை

தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் உருவாகும் சார்கோமா என்ற புற்றுநோய் வகைக் கட்டியை அறுவைசிகிச்சையில் முழுமையாக அகற்றிய பிறகு, இனி மருந்து தேவையா, தேவையென்றால் எந்த மருந்து, எத்தனை ஆண்டுகள் என்ற கேள்விகளுக்கு விடை தேடி, அகற்றிய கட்டியின் மரபணுவைப் படித்துச் சொல்லும் பரிசோதனைகளைத் தனியார் பரிசோதனைக்கூடங்கள் பல இப்போது செய்து தருகின்றன. என் அக்காவின் இரைப்பையில் இருந்த, உணவுப்பாதைச் சுவரில் வரும் சார்கோமா வகையான ஜிஸ்ட் என்னும் கட்டிக்காக அப்படிப்பட்ட கூடம் ஒன்றின் சேவையை நாங்கள் பயன்படுத்தினோம். அந்தச் சேவையைப் பற்றியும், அதைவிட முக்கியமாக அந்தப் பரிசோதனையைப் பற்றியும் எழுதுகிறேன். கூடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் பக்கம் நடந்த பிழை எந்தக் கூடத்திலும் நடக்கக்கூடியது, அதை அடையாளம் காணத் தெரிந்துகொள்வதுதான் வாசிப்பவருக்குப் பயன்படும். மதிப்பெண் கேட்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பரிசோதனைக்கு ஐந்துக்கு ஐந்து, அதை எங்களுக்குச் செய்து தந்த விதத்திற்கு மூன்று.

அக்காவுக்கு முதலில் தென்பட்டது கருநிற மலமும் ஹீமோகுளோபின் குறைவும்தான். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் உட்சுவர் வழவழப்பாக இருக்க, அதற்கடியிலிருந்து ஒரு புடைப்பு மேலெழும்பி நின்றது, சி.டி. ஸ்கேனில் ஏழு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி எனத் தெரிந்தது. லேப்ராஸ்கோப்பி மூலம் கட்டியை உடையாமல், சுற்றியுள்ள இரைப்பைச் சுவரில் ஒரு பகுதியுடன் சேர்த்து எடுத்தார்கள். பயாப்ஸி அறிக்கையில் கதிர் வடிவச் செல்கள், ஜிஸ்டை அடையாளம் காட்டும் சி.டி.117 சாயம் பாசிட்டிவ், டாக் 1 சாயம் பாசிட்டிவ், ஐந்து சதுர மில்லிமீட்டர் பரப்பில் எட்டு செல் பிரிவுகள் (அதாவது இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள்) என்று இருந்தது. இந்தக் கட்டியில் அளவு, இடம், செல் பிரிவு எண்ணிக்கை, கட்டி உடைந்ததா இல்லையா என்ற நான்கையும் வைத்துத்தான் மீண்டும் வரும் அபாயத்தைக் கணிக்கிறார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், ஐந்துக்கு மேல் செல் பிரிவு என்றால் அது உயர் அபாயப் பிரிவு. எனவே இமாட்டினிப் மாத்திரை, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், மூன்று ஆண்டுகள் என்பது பேச்சளவில் முடிவாகிவிட்டிருந்தது. ஆனால் புற்றுநோய் மருத்துவர் சீட்டு எழுதவில்லை. "கிட், பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ ரெண்டையும் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்மா" என்று இரண்டு மரபணுக்களின் பெயரை அக்காவிடம் சொல்லி, பரிசோதனைக்கான படிவத்தைத்தான் கொடுத்தார்.

மாத்திரை தருவதென்று ஏறக்குறைய முடிவான பிறகு இன்னொரு பரிசோதனை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு இந்தக் கட்டியின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

உணவுப்பாதையின் அசைவை ஒழுங்குபடுத்தும் காஹால் செல்கள் அல்லது அவற்றின் முன்னோடிச் செல்களிலிருந்து ஜிஸ்ட் உருவாகிறது. இந்தக் கட்டிகளில் கிட் என்னும் மரபணு மாறிப்போய், நிறுத்தமில்லாமல் வளர்ச்சிக் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே காலகட்டத்தில் ரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்காக உருவாகிக்கொண்டிருந்த இமாட்டினிப் கிட் புரதத்தையும் தடுக்கும் என்று தெரியவந்ததால், 2000-ஆம் ஆண்டு ஹெல்சின்கியில், வேறு வழியெல்லாம் அடைபட்டிருந்த ஒரு பெண் நோயாளிக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டிகள் சுருங்கின. அதுவரை கீமோதெரபிக்கு ஏறக்குறைய அசைந்து கொடுக்காத கட்டி என்று பெயரெடுத்திருந்த ஒன்று, தினம் விழுங்கும் மாத்திரைக்கு அடங்கியது. 2003-இல், கிட் மாற்றம் இல்லாத சில கட்டிகளில் பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ என்னும் உறவுக்கார மரபணு மாறியிருப்பது தெரிந்தது. அந்த இரண்டாவது கண்டுபிடிப்புதான் இன்றைய பரிசோதனைக்கு அடிப்படை.

அறுவைசிகிச்சைக்குப் பின் இமாட்டினிப் தருவதற்கான சான்று வலுவானது. 400 நோயாளிகளைக் கொண்ட ஸ்காண்டிநேவிய-ஜெர்மானிய ஆய்வில் ஓராண்டு மாத்திரையையும் மூன்றாண்டு மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். பத்தாண்டு முடிவில் உயிருடன் இருந்தவர்களின் விகிதம் மூன்றாண்டுக் குழுவில் 79 விழுக்காடு, ஓராண்டுக் குழுவில் 65 விழுக்காடு. புற்றுநோய்த் துறையில் இப்படித் தெளிவான வேறுபாடு எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் இந்தச் சராசரிக்குள் எல்லா வகை ஜிஸ்ட்களும் கலந்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். கிட் மரபணுவின் எக்ஸான் 11 என்னும் பகுதியில் மாற்றம் இருப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இமாட்டினிப் மிக நன்றாக வேலை செய்வது இவர்களுக்குத்தான். எக்ஸான் 9 மாற்றம் பெரும்பாலும் சிறுகுடல் கட்டிகளில் வருகிறது. பரவிய நோயில் அவர்களுக்கு 800 மில்லிகிராம் கொடுப்பதால் நோய் அடங்கியிருக்கும் காலம் நீள்கிறது, ஆனால் அறுவைக்குப் பின் தடுப்பாகத் தரும்போதும் அப்படி இரட்டிப்பாக்குவதால் பலன் உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

சிக்கல் மற்ற வகைகளில் இருக்கிறது. பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ மரபணுவின் எக்ஸான் 18-இல் வரும் டி842வி என்ற ஒற்றை எழுத்து மாற்றம், இரைப்பை ஜிஸ்ட்களில்தான் பெரும்பாலும் காணப்படுகிறது. இமாட்டினிப் அந்தப் புரதத்தின் ஓய்வுநிலை வடிவத்தில்தான் போய் ஒட்டும். டி842வி மாற்றமோ புரதத்தை எப்போதும் இயங்குநிலை வடிவத்திலேயே நிறுத்திவிடுகிறது. ஆகவே மருந்துக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை. ஐந்தாண்டுகள் இமாட்டினிப் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோதே நோய் திரும்பியது ஒரே ஒருவருக்குத்தான். அவருடைய கட்டியில் இருந்தது இந்த டி842வி. இதைத் தவிர, எஸ்.டி.எச் என்ற நொதித்தொகுதி செயலிழந்ததால் உருவாகும் ஜிஸ்ட்கள் இருக்கின்றன. சிறு வயதினரிடமும் இளம் பெண்களிடமும் இரைப்பையில் வரும் இவற்றிலும், நரம்புநார்க்கட்டி நோய் முதல் வகை உள்ளவர்களிடம் சிறுகுடலில் பலவாகத் தோன்றும் கட்டிகளிலும் இமாட்டினிப்பால் பெரிதாகப் பலனில்லை. இவர்கள் எவருக்கும் அறுவைக்குப் பின் மூன்றாண்டுகள் மாத்திரை கொடுத்தால், கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல், அசதி ஆகியவைதான் மிஞ்சும்.

ஆக, அக்காவின் கட்டி இரைப்பையில் இருந்தது என்பதே பரிசோதனைக்குப் போதுமான காரணம். காத்திருக்கவும் இடமிருந்தது. மூன்றாண்டுப் பலனை நிறுவிய ஆய்விலேயே அறுவை முடிந்து பன்னிரண்டு வாரத்துக்குள் சேர்ந்தவர்களுக்குத்தான் மாத்திரை தொடங்கினார்கள். நாளைக்கே விழுங்கியாக வேண்டும் என்ற அவசரம் இல்லை.

இனி சேவை. பதிவு செய்வது எளிதாக இருந்தது. கைபேசியில் படிவம் நிரப்பியதும் மறுநாளே ஓர் ஊழியர் மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறைக்குப் போய் பிளாக்கைப் பெற்றுக்கொண்டார். அகற்றிய கட்டியிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளை புதைத்து வைத்திருக்கும் சிறு மெழுகுப் பாளத்துக்குத்தான் பிளாக் என்று பெயர். கட்டைவிரல் அகல பிளாஸ்டிக் கூட்டில், ஓரத்தில் பயாப்ஸி எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் எழுதப்பட்டு, வெளிறிய மெழுகின் நடுவே பழுப்பாக ஒரு திட்டு தெரியும். ஏழு சென்டிமீட்டர் கட்டி என்றால் இப்படிப் பல பிளாக்குகள் இருக்கும்; ஒவ்வொன்றும் கட்டியின் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை, சில கட்டியும் இரைப்பைச் சுவரும் சேரும் விளிம்பிலிருந்து வந்தவை. இவற்றில் எதை அனுப்புவது என்ற முடிவில்தான் பரிசோதனையின் தலையெழுத்து பாதி எழுதப்பட்டுவிடுகிறது. படிவத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் கேட்கவில்லை. வாங்கிப் போக வந்த இளைஞருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. மருத்துவமனைப் பணியாளர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு பிளாக் அவருடைய பையில் ஏறியது.

வாக்களித்த காலத்துக்குள் அறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் பச்சைக் கட்டத்துக்குள், கிட் எக்ஸான் 9, 11, 13, 17 ஆகியவற்றிலும் பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ எக்ஸான் 12, 14, 18 ஆகியவற்றிலும் மாற்றம் ஏதும் கண்டறியப்படவில்லை என்று அச்சிட்டிருந்தது. பச்சை நிறத்தைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. மருத்துவர் முதல் பக்கத்தைப் படிக்காமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே, எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்த செய்முறைக் குறிப்பில் இரண்டு செய்திகள் இருந்தன: பயன்படுத்திய முறை சாங்கர் வரிசைப்படுத்தல் (மரபணு எழுத்துகளைப் படிக்கும் பழைய முறை), மாதிரியில் கட்டிச் செல்களின் அளவு 15 விழுக்காடு.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்த மதிப்புரையில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. மாதிரியில் நூற்றுக்குப் பதினைந்து செல்கள்தான் கட்டியுடையவை. மீதி எல்லாம் இயல்பான இரைப்பைத் தசை, ரத்தநாளம், அழற்சிச் செல்கள். ஒவ்வொரு கட்டிச் செல்லிலும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் வழக்கமாக ஒன்றுதான் மாறியிருக்கும் என்பதால், குழாயில் இருக்கும் மொத்த டி.என்.ஏ-வில் மாறிய பிரதி ஏழு அல்லது எட்டு விழுக்காடுதான் வரும். சாங்கர் முறைக்குக் கண்ணில் படவேண்டுமானால் பதினைந்து முதல் இருபது விழுக்காடாவது தேவை. அதாவது மாற்றம் இருந்திருந்தாலும் இந்தச் சோதனை அதைப் பார்த்திருக்க முடியாது. தெருமுனையில் மட்டும் விசாரித்துவிட்டு ஊரிலேயே அப்படி ஓர் ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்தது போலத்தான் அந்தப் பச்சைக் கட்டம். அதே கூடத்தின் விளக்கக் கையேட்டில், கட்டிச் செல் அளவு குறைந்தது 20 விழுக்காடு இருக்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அந்த மாதிரியை ஏற்காமல் வேறு பிளாக் கேட்டிருக்க வேண்டும். குறைந்தபட்சம், மாதிரி போதாமையால் முடிவு சொல்ல இயலவில்லை என்றாவது முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். மாற்றம் இல்லை என்பதும் மாற்றத்தைத் தேட முடியவில்லை என்பதும் ஒன்றல்ல. மதிப்பெண்ணில் இரண்டைக் கழித்தது இதற்காகத்தான்.

மருத்துவர் இன்னொன்றும் செய்தார். அதே மருத்துவமனையில் எஸ்.டி.எச்.பி சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னார். இது பழைய வகை, விலை குறைந்த சாயப் பரிசோதனை. மேலே சொன்ன எஸ்.டி.எச் நொதித்தொகுதி சிதைந்த கட்டிகளில் இந்தச் சாயம் ஏறாது. அக்காவின் கட்டியில் நன்றாக ஏறியிருந்தது. இரைப்பைக் கட்டியில் கிட், பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ இரண்டும் உண்மையாகவே இயல்பாக இருந்தால் எஸ்.டி.எச் குறைபாடு இருக்கும் வாய்ப்பு கணிசமானது. அதுவும் இல்லை என்றால் முதல் அறிக்கையைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

கூடத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது முதலில் பேசியவர் மனப்பாடமாகச் சில வரிகளைச் சொன்னார். மரபணு ஆலோசகரிடம் இணைப்பைக் கேட்டு வாங்கிய பிறகு பேச்சின் தரமே மாறியது. அந்த அம்மையார் எந்தச் சமாளிப்பும் இல்லாமல், மாதிரியை ஏற்றதே சரியில்லை என்று ஒத்துக்கொண்டு, கட்டியின் மையப்பகுதியிலிருந்து எடுத்த பிளாக்கை அனுப்பச் சொன்னார். அவர்களுடைய நோய்க்குறியியல் மருத்துவரே ஸ்லைடில் கட்டி நெருக்கமாக உள்ள இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்து, சிறிதளவே உள்ள மாற்றத்தையும் பிடிக்கக்கூடிய அடுத்த தலைமுறை வரிசைப்படுத்தல் முறையில் மறுபடி செய்து தருவதாகவும் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது என்றும் சொன்னார். சொன்னபடியே நடந்தது. எல்லாக் கூடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இருந்தால் முதல் அழைப்பிலேயே அவரைக் கேட்டுப் பேசிவிடுவது நல்லது.

இரண்டாவது அறிக்கையில் கட்டிச் செல் அளவு 80 விழுக்காடு. கிட் எக்ஸான் 11-இல் 557, 558 ஆகிய இரண்டு இடங்களும் அழிந்துபோயிருந்தன. ஜிஸ்ட் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான மாற்றம் இது. அழிவு வகை மாற்றங்களில், குறிப்பாக இந்த இரண்டு இடங்களும் போனவற்றில், கட்டியின் குணம் சற்று மூர்க்கமானது. சிகிச்சையின்றி விட்டால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். அதேசமயம், மேலே சொன்ன ஸ்காண்டிநேவிய ஆய்வை மரபணு வகைப்படி பிரித்துப் பார்த்தபோது, ஓராண்டைவிட மூன்றாண்டு மாத்திரையால் தெளிவாக நன்மை அடைந்தவர்கள் எக்ஸான் 11 அழிவு மாற்றம் உள்ளவர்கள்தான். அதாவது ஒரே வரி, அபாயத்தையும் சொன்னது, அதற்கான பதில் மருந்தையும் உறுதிப்படுத்தியது. முன்பு அளவையும் செல் பிரிவையும் வைத்து எழுத இருந்த அதே சீட்டைத்தான் மருத்துவர் இப்போதும் எழுதினார். ஆனால் இரண்டாவது ஆண்டில் வீங்கிய கண்களுடன், இதெல்லாம் எதற்கு, நிறுத்திவிடலாமா என்று அக்கா கேட்கும் நாளில், நிறுத்தக் கூடாது என்பதற்கான காரணம் அவருடைய கட்டியிலிருந்தே எடுக்கப்பட்டதாக இருக்கும். மூன்றாண்டு முடிந்ததும் நிறுத்துவதா, தொடர்வதா என்ற கேள்வி வரும்போதும் இந்த வரியைத்தான் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

பரிசோதனைக்கு அனுப்பும் பிறருக்காக ஒரு தொழில்நுட்பச் செய்தியை இங்கே சேர்க்கிறேன். எக்ஸான் 11-இல் வரும் அழிவுகள் சில சமயம் நீளமாகவோ, எக்ஸானின் தொடக்க எல்லையைத் தாண்டி முந்தைய பகுதிக்குள் நீண்டோ இருக்கும். மரபணுவைச் சிறு சிறு துண்டுகளாகப் பெருக்கிப் படிக்கும் சில வகைப் பேனல்களில் (பல மரபணுப் பகுதிகளை ஒன்றாகப் படிக்கும் தொகுப்புச் சோதனைகளில்), பெருக்கத் தொடங்கும் இடமே அழிந்துபோயிருந்தால் மாறிய பிரதி பெருகாமலே போய், இயல்பான பிரதி மட்டும் தெரியும். ஆகவே புதிய முறையில் செய்தது என்பதாலேயே, மாற்றம் இல்லை என்ற முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரைப்பையோ சிறுகுடலோ, சாயங்கள் எல்லாம் ஜிஸ்ட் என்று சொல்லும்போது இரண்டு மரபணுவும் இயல்பு என்று வந்தால், மாதிரியின் கட்டி அளவையும் செய்முறையையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்பது அவசியம். அறுவைக்கு முன்பே இமாட்டினிப் கொடுத்துக் கட்டியைச் சுருக்கியவர்கள், முடிந்தால் மருந்துக்கு முந்தைய ஊசி பயாப்ஸி மாதிரியையே அனுப்ப வேண்டும். மருந்துக்குப் பின் கட்டியில் பல இடங்களில் உயிருள்ள செல்களே மிஞ்சியிருக்காது.

அறிக்கையின் வடிவமைப்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. தேவையான செய்தி அரைப் பக்கம். மற்றவை எல்லாம் மருந்துப் பட்டியல்களும் வெளிநாட்டு ஆய்வுகளின் எண்களும். சுனிட்டினிப், ரெகோராஃபெனிப், ரிப்ரெட்டினிப் என்று வரிசையாக அச்சிட்டிருந்தது. இவை இமாட்டினிப் பலிக்காமல் போன, பரவிய நோய்க்கானவை. கட்டியை முழுதாக எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இவற்றால் ஆகப்போவது இன்றைக்கு ஒன்றுமில்லை, பயம் வருவதைத் தவிர. டி842வி இருந்தால் பயன்படும் அவாப்ரிட்டினிப் கூட, 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அறுவைக்கு வழியில்லாத அல்லது பரவிய நோய்க்காகத்தான். அறுவைக்குப் பிந்தைய நோயாளிக்கென்று தனி அறிக்கை வடிவம் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டேன். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார்கள்.

பதிவு செய்யும்போதே சில நூறு மரபணுக்களைப் படிக்கும் பெரிய பேனலை எடுத்துக்கொள்ளுமாறு வற்புறுத்தினார்கள். அதன் கட்டணம் இரண்டு மரபணுச் சோதனையைப் போல நான்கு மடங்குக்கு மேல். சாயப் பரிசோதனையிலேயே ஜிஸ்ட் என்று உறுதியான கட்டிக்கு, முதல் சுற்றிலேயே அது தேவையில்லை என்பது என் கருத்து; மருத்துவரும் அதையே சொன்னார். சரியான பிளாக்கில் செய்த இரண்டு மரபணுச் சோதனையும் எஸ்.டி.எச்.பி சாயமும் விடை தராதபோதுதான் பெரிய பேனலின் முறை வரும்.

ஆனால் சார்கோமா என்பது ஒரே நோயல்ல. டஜன் கணக்கான வகைகளைக் கொண்ட ஒரு பெரிய குடும்பம். ஜிஸ்ட் தவிர்த்த பல வகைகளில் மரபணுக் குறியீடு உதவுவது மருந்தைத் தேர்ந்தெடுக்க அல்ல, நோயின் பெயரைச் சரியாகச் சொல்ல. கொழுப்புத்திசுக் கட்டி சாதாரணமானதா, சார்கோமாவா என்று குழம்பும்போது எம்.டி.எம்.2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சைனோவியல் சார்கோமாவில் எஸ்.எஸ்.18 மரபணு வேறொரு மரபணுவுடன் ஒட்டிக்கொண்ட இணைவையும், யூயிங் சார்கோமாவில் ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 இணைவையும் தேடுகிறார்கள். பிரான்சில் 384 நோயாளிகளிடம் நடந்த ஜென்சார்க் ஆய்வில், அனுபவமிக்க நோய்க்குறியியல் மருத்துவர்கள் பார்த்துச் சொன்ன பிறகும், மூலக்கூறு சோதனையால் 53 பேருக்கு நோயின் பெயரே மாறியது. பெயர் மாறினால் அறுவைக்குப் பின் கீமோ, கதிரியக்கம் என எல்லாக் கணக்கும் மாறும். பிரான்சிலேயே உருவான சின்சார்க் என்ற 67 மரபணுக் குறியீடு, மென்திசுச் சார்கோமாக்களில் பரவும் அபாயத்தைக் கணிப்பதில் பழைய தரநிலை முறையைவிடத் திறமையாக இருப்பதாக 2010 முதல் எழுதி வருகிறார்கள். ஆனால் அதைப் பார்த்துக் கீமோ கொடுப்பது வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. இணைவுகளைத் தேடும் சோதனைக்கு டி.என்.ஏ-வைவிட ஆர்.என்.ஏ படிக்கும் பேனல் பொருத்தமானது என்பதையும், எலும்புத் துண்டை மென்மையாக்க அமிலத்தில் ஊறவைத்திருந்தால் அந்த பிளாக்கில் மரபணு சிதைந்திருக்கும் என்பதையும் எலும்புச் சார்கோமாக் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கூடத்தின் விற்பனையாளர் இவை எதையும் பிரித்துச் சொல்லவில்லை. எல்லாச் சார்கோமாவுக்கும் ஒரே பெரிய பேனல், ஒரே விலை என்பதுதான் அவருடைய பேச்சு.

செலவைப் பற்றிச் சொல்லும்போது மருந்தின் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இமாட்டினிப் பொதுப்பெயர் மருந்தாகப் பல நிறுவனங்களிலிருந்து கிடைக்கிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. இதற்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்த மருந்தின் குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006-இல் அங்கே மறுக்கப்பட்டு, 2007-இல் காப்புரிமைச் சட்டப் பிரிவை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்று, கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. மாதம் லட்ச ரூபாயைத் தாண்டும் மருந்து, அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் கிடைத்ததற்குப் பின்னால் இந்த வழக்கு இருக்கிறது. மாத்திரை இவ்வளவு மலிவாகிவிட்டதால், சோதனையைத் தவிர்த்துவிட்டு மாத்திரையையே கொடுத்துப் பார்க்கலாமே என்று சில இடங்களில் நினைக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கு சரிபோலத் தோன்றும். ஆனால் மூன்றாண்டு மாத்திரை, இடையிடையே ரத்தப் பரிசோதனை, பக்கவிளைவுக்கான செலவு எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு மரபணுச் சோதனையின் கட்டணம் அதில் சிறு பகுதிதான். டி842வி உள்ள ஒருவருக்கு அந்தச் செலவு முழுவதும் பலனின்றிப் போகும் என்பது தனி.

குடும்பத்தில் பிறருக்கு வருமா என்ற கேள்விக்கு அந்த ஆலோசகர் தந்த விளக்கம் நன்றாக இருந்தது. அக்காவிடம் கண்ட மாற்றம் கட்டியில் மட்டும் உருவானது, பிள்ளைகளுக்குப் போகாது, எஸ்.டி.எச் குறைபாடு என்று வந்திருந்தால்தான் ரத்த மாதிரியிலும் பார்த்து, குடும்பத்தாரையும் சோதிக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். எங்கள் அம்மா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகத் தமிழிலேயே பதில் சொன்னார். மூன்று மதிப்பெண்ணில் பெரும்பங்கு அவருக்குரியது.

மாத்திரை தொடங்கிய பிறகு கூடத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தது: ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ-வைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து, நோய் திரும்புவதை ஸ்கேனுக்கு முன்பே சொல்லும் திட்டம், சலுகை விலையில். குடல் புற்றுநோயில் சி.இ.ஏ போல ஜிஸ்டுக்கென்று நம்பத்தக்க ரத்தக் குறியீடு எதுவும் கிடையாது என்பதால் இந்தப் பேச்சு யாரையும் ஈர்க்கும். ஆனால் கட்டியை முழுதாக எடுத்த ஜிஸ்ட் நோயாளியிடம் ரத்தத்துக்கு வரும் கட்டி டி.என்.ஏ மிகக் குறைவு. அதைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றுவது நடைமுறை வழிகாட்டுதல்களில் இடம்பெறவில்லை. மருத்துவரிடம் கேட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன் போதும், அந்தப் பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். திட்டத்தில் சேரவில்லை, இரண்டு பிளாக்குகளையும் திரும்பக் கேட்டு வாங்கி, மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் ரசீதுடன் ஒப்படைத்தோம்.